கலம் கரையும் விளக்கு

நுழையுமுன்

நீங்கள் வாழும் ஊரில் கடல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்பாடத்தில் பேசும் சிறுமி நாக்பூரில் வளர்பவள். விடுமுறையில் தாத்தாவின் ஊருக்குச் சென்றபோது ஒரே நாளில் அவள் கண்டவற்றை இங்கே கூறுகிறாள். பாடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'கரை' என்னும் எழுத்துகள் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே செல்லுங்கள். பயிற்சியில் அவை உங்களுக்குத் தேவைப்படும்.

*

நாக்பூரில் கடல் இல்லை. ஆகவே எட்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாத ஒன்றைச் சொற்களைக் கொண்டே ஊகித்தேன். கலம் என்றால் கப்பல். கரை என்றால் கடற்கரை. எனவே கப்பலுக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்று எழுதினேன். ஆசிரியை பாதி மதிப்பெண் கொடுத்தார். "மீதிப் பாதியைச் சென்னையில் உன் தாத்தா வீட்டில் தேடிக்கொண்டு வா" என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

என் தாத்தா வீடு சென்னை நொச்சிக்குப்பத்தில் உள்ளது. மெரினாவின் தென்கோடியில் நிற்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து கூப்பிடு தொலைவுதான். தாத்தா இளமையில் கட்டுமரம் ஓட்டியவர். அவருடைய அண்ணனை நாங்கள் பெரிய தாத்தா என்று அழைப்போம். பெரிய தாத்தா வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. பிறவியிலேயே அப்படி என்று எண்ணியிருந்தேன்.

நாங்கள் சென்னை வந்து சேர்ந்த மறுநாள், மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரியும் என் அத்தை ஒரு திட்டம் வகுத்தார். காலையில் பழைய விளக்குகள், பிறகு மெரினா விளக்கு, பிற்பகலில் மாமல்லபுரம், இரவுக்குள் வீடு. வாடகைக் கார் ஒன்றும் ஏற்பாடாயிற்று. தாத்தாவையும் அழைத்தோம். "அந்த விளக்கை ஐம்பது ஆண்டாகப் பார்க்கிறேன். இனிமேல் அருகில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார். ஆயாவோ, "பிள்ளைகள் அவ்வளவு தொலைவிலிருந்து வந்திருக்கிறார்கள், போய் வாருங்கள்" என்று அவருடைய மேல்துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

புறப்படும் நேரத்தில் வாசலில் மீன் கழுவிய இடத்தில் ஒரு காக்கை வந்து அமர்ந்து குரல் கொடுத்தது. "காக்கை என்ன செய்கிறது?" என்று அத்தை கேட்டார். "கத்துகிறது" என்றான் என் தம்பி.

"ஆடு கத்தும். காக்கை கரையும். கரைதல் என்றால் அழைத்தல். ஒரு பருக்கை கிடைத்தாலும் தன் இனத்தைக் கூவி அழைக்கும் அல்லவா? அதுதான் கரைதல்" என்றார் அத்தை.

எனக்குச் சட்டென்று விளங்கியது. கலங்கரை விளக்கம் என்பது கலத்துக்குக் கரையைக் காட்டுகிற விளக்கமன்று. கலத்தைக் கரைகிற விளக்கம், அதாவது கப்பலைக் கூவி அழைக்கிற விளக்கம். மீதிப் பாதி மதிப்பெண் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிட்டது.

*

முதலில் உயர் நீதிமன்றப் பகுதிக்குச் சென்றோம். வழியில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கடந்தோம். இன்று கோட்டை அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில்தான் 1796ஆம் ஆண்டு சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்த திரிவிளக்குகளே அந்நாளில் கப்பல்களை அழைத்தன. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் ஏறி, அலைகளில் நனைந்து கரை சேர வேண்டும். மலையோ குன்றோ இல்லாத தட்டையான இக்கடற்கரையை இரவில் கடலிலிருந்து அடையாளம் காண்பது எளிதன்று.

நீதிமன்ற வளாகத்துக்குள் செல்ல அனுமதி பெற வேண்டும். ஆதலால் சாலையோரத்தில் நின்றே பார்த்தோம். மரங்களுக்கு மேலே கருங்கல் தூண் ஒன்று தனித்து நின்றது. கிரேக்கர்களின் டோரிக் பாணியில் அமைந்த அத்தூண், 1844ஆம் ஆண்டு முதல் விளக்கைத் தாங்கிய இரண்டாவது கலங்கரை விளக்கம். கேப்டன் ஸ்மித் என்னும் பொறியாளர் அதனை அமைத்தார். பின்னர் அதனருகிலேயே சிவப்பு நிறத்தில் உயர் நீதிமன்றம் எழுந்தது. அதன் கோபுரங்களுள் உயரமானது தூணையும் விஞ்சியது. எனவே 1894ஆம் ஆண்டு விளக்கு அக்கோபுரத்தின் உச்சிக்கு மாறியது. நீதி வழங்கும் மாளிகையின் தலையில் கப்பல்களுக்கான விளக்கு! இப்படி ஒரு நீதிமன்றத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

"நாங்கள் ஐகோர்ட்டு விளக்கு என்போம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அந்த விளக்குத்தான்" என்றார் தாத்தா. காரில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் சொற்கள் அவை.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது. துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அவ்விடத்தில் இன்றும் ஒரு நினைவுக் கல்வெட்டு உள்ளது. போர்க்காலமாயினும் அன்றிரவு கலங்கரை விளக்கம் வழக்கம்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எம்டனும் அந்த ஒளியைக் கொண்டே வழி கண்டது. விளக்குக்கு நண்பன், பகைவன் என்னும் வேற்றுமை தெரியாது போலும். தந்திரமும் துணிச்சலும் மிக்கவனை 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழ்நாட்டில் சொல்வதற்கு அக்கப்பலே காரணம். என் தம்பியை ஆயா பலமுறை அவ்வாறு அழைத்ததுண்டு. அதன் பொருள் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் மிகவும் மகிழ்ந்தான்.

*

மெரினா கலங்கரை விளக்கம் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பட்டையிட்ட முக்கோணக் கோபுரம். பகலில் விளக்கு தெரியாது. ஆகையால் பகலில் அதன் வண்ணமே அடையாளம். 1977ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதல் இது இயங்கி வருகிறது. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்து, 2013ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே மின்தூக்கி உண்டு. கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி இருப்பது அரிது. தாத்தாவின் முழங்கால்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

மேலே கதவு திறந்ததும் காற்று எங்களைத் தள்ளியது. கிழக்கே கடல் முழுவதும் ஒரே நீலமாய் விரிந்திருந்தது. கீழே நொச்சிக்குப்பத்தின் படகுகள் மணலில் சிதறிய வெண்டைக்காய்கள்போல் கிடந்தன. தம்பி எங்கள் வீட்டைத் தேடத் தொடங்கினான். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. வடக்கே நீதிமன்றக் கோபுரம் இருக்கும் திசையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தெற்கே திரும்பி, அடையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தைப் பார்த்தார்.

"இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு சின்ன இடம்!" என்றார்.

பிறகு தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

"உன் பெரிய தாத்தாவும் நானும் ஒரே மரத்தில் தொழில் செய்தோம். இரவில் கரை திரும்பும்போது ஐகோர்ட்டு விளக்கை வலக்கைப் பக்கம் வைத்துக்கொள்வோம். விளக்கு எங்கள் குப்பத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் அல்லவா? அதற்கு நேராகப் போனால் துறைமுகத்துக்குப் போய்விடுவோம். வலக்கையில் விளக்கு, முகத்துக்கு நேரே குப்பம். எட்டு ஆண்டுகள் அப்படித்தான் வந்தோம். கண் பார்ப்பதற்கு முன்பே கை துடுப்பைத் திருப்பிவிடும்.

"இந்தக் கோபுரம் எங்கள் கண்முன்னேதான் எழும்பியது. விளக்கு இங்கே மாறப்போகிறது என்று குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது மாறியது. இனி விளக்குக்கு நேரே வந்தால் வீட்டு வாசல் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் நாங்கள் கடலுக்குப் போனோம். பொங்கல் செலவுக்குக் கொஞ்சம் காசு வேண்டும். நல்ல மீன்பாடு. இரண்டு இரவு உறக்கம் இல்லை. வாடைக்காற்று எலும்பைத் துளைத்தது. திரும்பும்போது தொலைவில் விளக்கு தெரிந்தது. உடனே என் கை அதை வலப்பக்கம் வைத்துவிட்டது."

"ஐயோ!" என்றேன். எனக்கு வரைபடம் மனத்துக்குள் விரிந்தது. புதிய விளக்கை வலப்பக்கம் வைத்தால் குப்பத்துக்குத் தெற்கே அல்லவா போய்ச் சேர வேண்டும்?

"ஆமாம் கண்ணு. அதோ அந்தக் கழிமுகத்துக்கே போனோம். மழைக்காலம் முடிந்த சமயம். ஆற்றுவாயில் மணல் திட்டு. அதன்மேல் அலை உடைந்துகொண்டிருந்தது. இருட்டில் தெரியவில்லை. ஓசையைக் கேட்டு அண்ணன், 'தம்பி, இது நம் கரை இல்லை' என்று கத்தினார். அதற்குள் மரம் புரண்டுவிட்டது. கட்டு அவிழ்ந்து இரண்டு மரங்களுக்கு நடுவில் அண்ணனின் கால் சிக்கிக்கொண்டது. வலை போயிற்று. மீன் போயிற்று. கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தம்பிகூட வீட்டைத் தேடுவதை விட்டுவிட்டான்.

"விளக்கின்மேல் தவறு இல்லை" என்றார் தாத்தா. "ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேச்சு உண்டு. இந்த விளக்கு பத்து நொடிக்கு இரண்டு முறை மின்னும். அது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதன் பேச்சைக் கேட்காமல் பழைய விளக்கின் பேச்சை நினைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பது ஆண்டாக இதன்மேல் ஏறாததற்கு முழங்கால் வலி மட்டும் காரணம் இல்லை, அம்மா."

அவர் சொன்ன 'பேச்சு' என்ன என்பதை நான் பிறகு அத்தையிடம் விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்தடுத்துள்ள கலங்கரை விளக்கங்கள் ஒரே விதமாக மின்னுவதில்லை. ஒன்று ஒருமுறை மின்னி இருளும், மற்றொன்று இருமுறை மின்னி இருளும், இடைவெளியும் வேறுபடும். மாலுமிகளின் வரைபடத்தில் ஒவ்வொரு விளக்கின் மின்னல் முறையும் குறிக்கப்பட்டிருக்கும். மாலுமி கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்து, தான் எந்த ஊருக்கு எதிரே இருக்கிறான் என்பதை அறிகிறான். ஆள் முகம் தெரியாத இருட்டில் குரலைக் கேட்டு இன்னார் என்று அறிவதைப் போன்றது அது.

விளக்கு இவ்வளவு உயரத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. பூமி உருண்டை ஆதலால் தொலைவில் உள்ளவை கடலின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கலாம். அவருக்குத் தொடுவானம் 4 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மெரினா விளக்கோ கடல்மட்டத்துக்கு மேல் 57 மீட்டர் உயரத்தில் எரிகிறது. அங்கிருந்து தொடுவானம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், கட்டுமரத்தில் இருப்பவர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே அதன் ஒளியைக் காண முடியும். "கடலுக்குள் போகப்போக முதலில் மணல் மறையும், பிறகு வீடு மறையும், பிறகு தென்னை மறையும். விளக்குத்தான் கடைசி" என்று தாத்தா சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

*

மாமல்லபுரம் சேர்ந்தபோது வெயில் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் உறங்கிவிட்டேன். ஆகவே வழியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மாமல்லபுரத்தில் பாறைக்குன்றின்மேல் இரண்டு கலங்கரை விளக்கங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1904ஆம் ஆண்டு முதல் ஒளிரும் வட்டக் கற்கோபுரம். மற்றொன்று பல்லவர் கட்டிய சிவன் கோயில். ஒலக்கண்ணேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். ஊரார் பழைய கலங்கரை விளக்கம் என்றே அழைக்கின்றனர். பல்லவர் காலத்தில் அதன் உச்சியில் தீ மூட்டிக் கப்பல்களை அழைத்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. புதிய கோபுரம் எழுவதற்கு முன்பு ஆங்கிலேயரும் அக்கோயிலின் கூரைமீதே விளக்கு வைத்தனர். கோயிலுக்கு நேர் கீழே, அதே பாறையில் மகிடாசுரமர்த்தினி குகை உள்ளது. அதன் ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் அமர்ந்து போரிடும் கொற்றவை. எதிர்ச்சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். ஒருபுறம் போர், மறுபுறம் உறக்கம், மேலே விளக்கு.

கற்கோபுரத்தில் மின்தூக்கி இல்லை. சுழன்று செல்லும் குறுகிய படிகள். இறுதியில் ஏணிபோல் செங்குத்தாக ஒரு பகுதி. தாத்தா கீழேயே பாறை நிழலில் அமர்ந்துகொண்டார். அத்தையும் தம்பியும் நானும் ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தபோது கடற்கரைக் கோயில் கைக்குள் அடங்கும் பொம்மைபோல் தெரிந்தது. குன்றின் பாறைகளுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்தன.

அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளையும் கண்ணாடி வில்லைகளையும் கண்டோம். ஒரு சிறு விளக்கின் ஒளி எப்படிப் பல கிலோமீட்டர் செல்கிறது என்னும் என் ஐயம் அங்கே தீர்ந்தது. விளக்கு தன் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. வானுக்கும் தரைக்கும் செல்லும் ஒளி கப்பலுக்குப் பயன்படாது. பிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிவியலறிஞர், முப்பட்டகக் கண்ணாடி வளையங்களை அடுக்கி, சிதறும் ஒளியை எல்லாம் வளைத்துக் கடலை நோக்கி ஒரே கற்றையாகச் செலுத்தும் வில்லையை உருவாக்கினார். 1823ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலில் பொருத்தப்பட்டது. விளக்கு அணைந்து அணைந்து எரிவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே விளக்கு அணைவதே இல்லை, வில்லை சுழல்கிறது. ஒளிக்கற்றை நம் பக்கம் திரும்பும்போது மின்னுகிறது, விலகும்போது இருளாகிறது.

திரும்பி வந்து தாத்தாவின் அருகில் அமர்ந்தபோது அத்தை ஒரு செய்தி சொன்னார். சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. அதனைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் நின்ற ஒரு மாடத்தை அவர் காட்டுகிறார். ஏணி சார்த்தினாலும் ஏறுவதற்கு அரிய உயரம். கூரை வேயாத உச்சி. அங்கே இரவில் மூட்டிய தீ, கடலில் திசை தெரியாமல் ஓடும் கலங்களைத் தன்னிடம் வருமாறு அழைக்கிறது. அழைத்தல் என்னும் பொருளுக்குப் புலவர் ஆளும் சொல் கரைதல். அந்த நீர்ப்பெயற்று இந்த மாமல்லபுரமே என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கடற்கரையைப் பாடும்போது இளங்கோவடிகளும் கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறார்.

"அப்படியானால் அந்தக் காலத்திலும் வழி தவறியவர்கள் இருந்திருப்பார்கள்" என்றார் தாத்தா. இலக்கியத்தைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

*

குப்பத்துக்குத் திரும்பியபோது இருட்டியிருந்தது. சித்தப்பா படகில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய படகு ஃபைபர் படகு. அதில் ஜிபிஎஸ் கருவி உண்டு. கைபேசி அளவுள்ள அக்கருவியின் திரையில் வீடு இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் குறித்து வைத்திருக்கிறார். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களே அவருக்கு வழி காட்டுகின்றன.

"அப்படியென்றால் இனிக் கலங்கரை விளக்கம் எதற்கு?" என்று தம்பி கேட்டான். நானும் அதையே கேட்க நினைத்திருந்தேன்.

"கருவியில் உப்புநீர் புகுந்தால் நின்றுவிடும். மின்கலம் தீர்ந்தாலும் நின்றுவிடும்" என்றார் சித்தப்பா. "கருவி சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? கருவி ஒன்றைச் சொல்லும். விளக்கு ஒன்றைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் நான் விளக்கைத்தான் நம்புவேன். அது என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளை நான் பார்த்ததே இல்லை."

பெரிய தாத்தா மணலில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். தாத்தா அவர் அருகில் சென்று அமர்ந்தார்.

"மேலே ஏறினாயாமே?" என்றார் பெரிய தாத்தா.

"ஏறினேன், அண்ணா."

"ஆற்றுவாய் தெரிகிறதா?"

"தெரிகிறது. பக்கத்தில்தான் இருக்கிறது."

"அன்றைக்குப் பக்கத்தில் இல்லை" என்று பெரிய தாத்தா சிரித்தார். தாத்தாவும் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரிப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

எங்கள் தலைக்கு மேலே ஒளிக்கற்றை சுழன்று கடலுக்குச் சென்றது. தம்பி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு. பிறகு இருள். மீண்டும் ஒன்று, இரண்டு. மூன்றாம் முறை எண்ணும்போது பெரிய தாத்தாவின் குரலும் அவனோடு சேர்ந்துகொண்டது.

*

சொல் அறிவோம்

கலம் என்பது மரக்கலத்தையும் கப்பலையும் குறிக்கும்; உண்கலம் என்னும்போது பாத்திரத்தைக் குறிக்கும். கலம் + கரை என்பது கலங்கரை என்று ஆயிற்று. மகர மெய், ககரத்துக்கு முன் ஙகரமாகத் திரிந்தது. மரம் + கள், மரங்கள் என்றாவதும் இவ்வாறே. கழிமுகம்: ஆறு கடலில் கலக்கும் இடம். வாடை: வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. மீன்பாடு: வலையில் கிடைக்கும் மீனின் அளவு. தொடுவானம்: வானும் கடலும் தொடுவதுபோல் தோன்றும் கோடு. கொற்றவை: போர்த்தெய்வம்.

'கரை' என்னும் எழுத்துகளை நீங்கள் கோடிட்ட இடங்களைத் திரும்பப் பாருங்கள். எங்கே அது கடலின் ஓரத்தைக் குறிக்கிறது? எங்கே அழைப்பதைக் குறிக்கிறது? உப்பு நீரில் கரையும் என்னும்போது வரும் 'கரை' இவ்விரண்டில் சேருமா? இம்மூன்று பொருளும் தோன்ற மூன்று தொடர்கள் எழுதுங்கள்.

விடை எழுதுக

1. சிறுமிக்குத் தேர்வில் பாதி மதிப்பெண் மட்டும் கிடைத்தது ஏன்?

2. 1977ஆம் ஆண்டுக்கு முன்பு நொச்சிக்குப்பத்து மீனவர்கள் விளக்கை எந்தப் பக்கம் வைத்துக் கரை திரும்பினர்? விளக்கு இடம் மாறிய பிறகு எவ்வாறு வந்திருக்க வேண்டும்? வரைபடம் வரைந்து விளக்குக.

3. "விளக்கின்மேல் தவறு இல்லை" என்று தாத்தா கூறுகிறார். நீங்கள் அதை ஏற்கிறீர்களா? காரணத்துடன் எட்டு வரிகளில் எழுதுக.

4. பெரிய தாத்தாவும் தாத்தாவும் இறுதியில் ஏன் சிரித்தனர்? பாடத்தில் விடை நேராகச் சொல்லப்படவில்லை. உங்கள் கருத்தை எழுதுக.

செய்து பார்க்க

மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அவ்வுயரத்திலிருந்து தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் கண்ணின் உயரத்தை அளந்து, கடற்கரையில் நின்றால் உங்கள் தொடுவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று கணக்கிடுங்கள். அடுத்து, உங்கள் பள்ளியின் மாடிக்கும் கணக்கிடுங்கள்.

இருட்டான அறையில் நால்வர் ஆளுக்கொரு கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மின்னல் முறையை அமைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாமவர் ஒளியை மட்டும் பார்த்து, இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும். ஒருவரை மற்றொருவராகத் தவறாக எண்ணிய இடங்களைக் குறித்து, எந்த முறைகள் குழப்பம் தந்தன என்று பேசுங்கள்.

ஆலப்புழையில் 1862ஆம் ஆண்டு முதலும், மும்பையின் பிராங்ஸ் பாறையில் 1875ஆம் ஆண்டு முதலும், மினிக்காய்த் தீவில் 1885ஆம் ஆண்டு முதலும் கலங்கரை விளக்கங்கள் உள்ளன. உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள கலங்கரை விளக்கம் எது என்று தேடுங்கள். அது எத்தனை நொடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதையும் கண்டறியுங்கள். பிறகு உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஊர் வந்துவிட்டது என்று எதைக் கண்டு அறிவார் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாருங்கள்.